இறங்கும் முன் ஏற்றத்தை எண்ணுவோம்
கிராண்ட் கேன்யனுக்குள் முதன்முறை நடந்து செல்லவிருக்கும் குடும்பங்களுக்கு

"பையன் அமெரிக்காவில் இருக்கிறான். இந்த முறை நாங்கள் போகும்போது கிராண்ட் கேன்யனுக்குள் இறங்கி, இரண்டு இரவு கூடாரத்தில் தங்கி வரலாம் என்கிறான். போகலாமா, டாக்டர்?"

எங்கள் புறநோயாளிகள் பிரிவில் இப்போதெல்லாம் இக்கேள்வி அவ்வப்போது எழுகிறது. அண்மையில் இதே கேள்வியுடன் ஒரு தம்பதியர் வந்தனர். கணவருக்கு 62 வயது; நான்கு மாதங்களுக்கு முன்புதான் இதயத் தமனியில் இரண்டு ஸ்டென்ட்கள் பொருத்தப்பட்டிருந்தன. மனைவிக்கு 58 வயது. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொள்பவர். மகனும் மருமகளும் நால்வருக்குமாக அக்டோபர் மாதத்தில் அனுமதி பெற்றிருந்தனர். அக்குடும்பத்தின் இசைவோடு, அடையாளங்களைத் தவிர்த்து, அவர்களுடைய பயணத்தை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். இத்தகைய பயணத்திற்குத் திட்டமிடும் பிறருக்கும் இது பயன்படும் என்பது எங்கள் நம்பிக்கை.

தலைகீழான மலை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆறு அரித்து உருவாக்கிய பெரும் பள்ளத்தாக்கே கிராண்ட் கேன்யன். இதன் நீளம் ஏறத்தாழ 446 கிலோமீட்டர். ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். 1919ஆம் ஆண்டு இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மேல்விளிம்பிலுள்ள சுண்ணாம்புக்கல் சுமார் 27 கோடி ஆண்டுகள் பழைமையானது. ஆற்றங்கரையில் காணும் கரும்பாறை 170 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. பார்க்க வேண்டிய இடம் என்பதில் ஐயமில்லை.

ஆனால், இங்கு நடப்பது நாம் அறிந்த மலையேற்றத்திற்கு நேர்மாறானது. மலையில் முதலில் ஏறுகிறோம். களைப்பு மிகுந்தால் திரும்பி விடலாம். திரும்பும் வழி இறக்கமாக இருக்கும். பள்ளத்தாக்கிலோ முதலில் இறங்குகிறோம். காலைக் குளிரில், புத்துணர்ச்சியோடு, கால்கள் தாமாகவே முன்செல்லும். களைப்பு தெரியவரும்போது நம் தலைக்கு மேல் ஒரு மலையே நின்றுகொண்டிருக்கும். இறங்குவதற்கு ஆகும் நேரத்தைப் போல இருமடங்கு நேரம் ஏறுவதற்கு ஆகும் என்று கணக்கிடுவதே அங்கு வழக்கம்.

வெப்பமும் தலைகீழாகவே இருக்கிறது. தென்விளிம்பு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், நம் உதகமண்டலத்தைவிடச் சற்றே தாழ்வாக உள்ளது. ஆற்றங்கரையோ சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே குளிராடை தேவைப்படும் அதே நாளில், கீழே 11 முதல் 17 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் கூடுதலாக இருக்கலாம். கோடையில் அடிவாரத்தில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும்.

ஆகவே நாங்கள் கூறும் முதல் அறிவுரை இதுதான்: பயணத்தைக் கடைசி நாளிலிருந்து திட்டமிடுங்கள். "என்னால் இறங்க முடியுமா" என்று கேட்காதீர்கள்; ஏறத்தாழ எல்லோராலும் இறங்க முடியும். இரண்டு இரவு தரையில் உறங்கிய பின், மூன்றாம் நாள் காலையில் சுமையோடு ஏறி வர முடியுமா என்று கேளுங்கள்.

மூன்று நாள், இரண்டு இரவு

புதியவர்களுக்கு ஏற்றதாகப் பலரும் பின்பற்றும் வழி ஒன்று உண்டு. முதல் நாள் சவுத் கைபாப் பாதையில் இறங்கி, ஆற்றங்கரைக்கு அருகிலுள்ள பிரைட் ஏஞ்சல் முகாமை அடைய வேண்டும். தொலைவு 11 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பாதை செங்குத்தானது; நிழல் மிகக் குறைவு; வழியில் தண்ணீர் கிடையாது. எனவே இப்பாதை விடியற்காலையில் இறங்குவதற்கு மட்டுமே ஏற்றது. இதன் தொடக்கத்திற்குச் சொந்த வண்டியில் செல்ல இயலாது. பூங்காவின் பேருந்திலேயே போக வேண்டும்.

இரண்டாம் நாள் பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நடந்து, ஹவசுபாய் கார்டன்ஸ் முகாமில் தங்கலாம். ஓடையும் மரங்களும் உள்ள இவ்விடத்திற்கு, அங்கு வாழ்ந்த ஹவசுபாய் மக்களின் பெயர் 2022ஆம் ஆண்டில்தான் சூட்டப்பட்டது. மூன்றாம் நாள் எஞ்சிய 7.2 கிலோமீட்டர் ஏறினால் தென்விளிம்பை அடையலாம்.

இதை வீட்டுக் கணக்கில் சொல்வோம். ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் எனக் கொண்டால், இரண்டாம் நாளின் ஏற்றம் சுமார் 130 மாடிகள். மூன்றாம் நாளின் ஏற்றம் சுமார் 310 மாடிகள். இரண்டாம் இரவை ஹவசுபாய் கார்டன்ஸில் கழிக்காமல் அடிவாரத்திலேயே கழித்தால், கடைசி நாளில் ஒரே மூச்சில் 440 மாடிகளுக்கும் மேல் ஏற நேரிடும். இதனால்தான் ஏற்றத்தை இரண்டாகப் பிரிக்கும் வழியைப் பரிந்துரைக்கிறோம்.

ஒரே நாளில் ஆற்றுக்கு இறங்கி மீண்டும் ஏறிவிடலாம் என்று சிலர் எண்ணுவதுண்டு. அதைச் செய்ய வேண்டாமெனப் பூங்கா நிர்வாகம் தெளிவாக எச்சரிக்கிறது.

பருவமும் அனுமதியும்

மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரையும் ஏற்ற காலங்கள். குளிர்காலத்தில் பாதையின் மேற்பகுதி பனிக்கட்டியாக உறைந்து வழுக்கும். கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நடத்தலாகாது என்பது பூங்கா நிர்வாகத்தின் அறிவுரை.

பகலில் மட்டும் நடந்து திரும்புவோருக்கு அனுமதிச்சீட்டு தேவையில்லை. இரவு தங்குவோருக்குக் கட்டாயம் தேவை. பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். முதற்கட்ட ஒதுக்கீடு குலுக்கல் முறையில் நடைபெறுகிறது. எந்த இரவு எந்த முகாம் என்பது சீட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். நினைத்தபடி மாற்றிக்கொள்ள இயலாது.

புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் பாதைகளின் நிலையைப் பூங்காவின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கிற்குள் குடிநீர் கொண்டுசெல்லும் குழாய் 1960களில் அமைக்கப்பட்டது. அது அடிக்கடி உடைகிறது. ஆகவே குழாயில் நீர் வரும் என்று மட்டும் நம்பிச் செல்லாமல், ஓடை நீரைத் தூய்மைப்படுத்தும் வடிகட்டியோ மாத்திரையோ கைவசம் வைத்திருத்தல் வேண்டும். காட்டுத்தீ, பாறைச்சரிவு, பழுதுபார்ப்பு ஆகியவற்றாலும் பாதைகள் மூடப்படுவதுண்டு.

ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை அப்பகுதியில் இடிமழைக் காலம். குறுகிய பாறை இடுக்குகளில் நடப்போருக்கு அப்போது திடீர் வெள்ளம் பேராபத்து. 1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று, அதே அரிசோனாவிலுள்ள ஆன்டலோப் கேன்யனில் 11 பேர் வெள்ளத்தில் மடிந்தனர். மழை பெய்தது அவர்கள் நின்ற இடத்தில் அன்று. பல கிலோமீட்டருக்கு அப்பால். தலைக்கு மேல் வானம் தெளிந்திருப்பதை மட்டும் கண்டு பாறை இடுக்கிற்குள் நுழையக் கூடாது; மேட்டுநிலத்தின் வானிலையையும் கேட்டறிய வேண்டும்.

தண்ணீரும் உப்பும்

சென்னையில் வியர்த்தால் சட்டை நனையும். நமக்கு உடனே தெரியும். பாலைநிலத்தின் உலர்ந்த காற்றில் வியர்வை தோன்றியவுடன் ஆவியாகிவிடும். தோல் உலர்ந்தே இருக்கும். சட்டையில் வெண்ணிற உப்புக்கோடுகள் மட்டும் படியும். உடல் நீரையும் உப்பையும் இழந்துகொண்டிருப்பதன் அடையாளம் அது.

எனவே தண்ணீர் அருந்த வேண்டும் என்பது அனைவரும் அறிந்ததே. உணவு இன்றித் தண்ணீரை மட்டும் மிகையாக அருந்தினாலும் ஆபத்து என்பதைப் பலர் அறிவதில்லை. அப்போது இரத்தத்தில் சோடியத்தின் அளவு குறைகிறது. தலைவலி, குமட்டல், வாந்தி, விரல்கள் வீங்குதல், மனக்குழப்பம் எனத் தொடங்கி, முற்றினால் வலிப்பும் உணர்விழப்பும் நேரலாம். நீர் குறைந்தவருக்கும் தலைவலியும் குமட்டலும் வரும் என்பதால், பார்ப்பவர்கள் இரண்டையும் ஒன்றெனக் கருதி மேலும் தண்ணீர் புகட்டிவிடுவார்கள்.

நாம் கூறிய குடும்பத்தில் இதுவே நிகழ்ந்தது. எவரைப் பற்றியும் கவலைப்படாத நிலையில், 34 வயது மகனுக்கு முதல் நாள் மாலை முகாமில் கடும் தலைவலியும் வாந்தியும் ஏற்பட்டன. வெயிலில் நீர் வற்றிவிட்டது என்று கருதி மருமகள் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். தாயார் அதைத் தடுத்து, எங்களிடம் கேட்டுக்கொண்ட இரண்டு கேள்விகளைக் கேட்டார்: "காலையிலிருந்து என்ன சாப்பிட்டாய்? எத்தனை முறை சிறுநீர் கழித்தாய்?" மகன் காலையில் ஒரு துண்டு ரொட்டி தவிர எதுவும் உண்ணவில்லை; தண்ணீரோ ஆறு லிட்டருக்கு மேல் குடித்திருந்தார்; நீர்போல் தெளிந்த சிறுநீர் பலமுறை கழிந்திருந்தது. உடனே தண்ணீரை நிறுத்திவிட்டு, அருகிலிருந்த பூங்காக் காவலர் நிலையத்திற்குத் தெரிவித்தனர். காவலர் வந்து பார்த்து, உப்புள்ள தின்பண்டத்தைச் சிறிது சிறிதாக உண்ணச் செய்து, இரவு முழுவதும் கண்காணிக்கச் சொன்னார். விடிவதற்குள் மகன் தேறினார். மனம் குழம்பியோ வலிப்பு கண்டோ இருந்தால், நிலைமை முற்றிலும் வேறாகியிருக்கும்.

நினைவில் கொள்ள வேண்டியவை இவை. தாகத்திற்கேற்ப, சிறுசிறு மிடறுகளாக அருந்துங்கள். ஒவ்வொரு முறை நீர் அருந்தும்போதும் ஏதேனும் உப்புள்ள பண்டத்தை உண்ணுங்கள். நம் வீட்டு முறுக்கும் காராசேவும் வறுத்த வேர்க்கடலையும் இதற்கு மிகப் பொருத்தமானவை. உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை எடுத்துச் செல்லுங்கள். பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரில்தான் கரைக்க வேண்டும். சிறுநீர் குறைந்து அடர்நிறமாக இருந்தால் நீர் போதவில்லை; அடிக்கடி, நிறமின்றி, மிகுதியாக வெளியேறினால் நீர் கூடிவிட்டது.

இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் பொருட்டு உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், மேற்கூறிய அறிவுரையைத் தாமாகவே பின்பற்றலாகாது. தங்கள் மருத்துவரிடம் அளவைக் கேட்டறிந்த பின்னரே செல்ல வேண்டும்.

வெப்பத்தாக்கம் மற்றொரு பெரும் ஆபத்து. வெயிலில் நடந்தவர் தடுமாறினாலோ, பொருத்தமின்றிப் பேசினாலோ, வியர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது வெப்பத்தாக்கம் என்றே கொள்ளுங்கள். நிழலுக்குக் கொண்டுவந்து, உடையோடு நீரால் நனைத்து, விசிறிக்கொண்டே உதவிக்கு ஆள் அனுப்புங்கள். உணர்விழந்தவருக்கு வாய்வழி எதையும் புகட்டாதீர்கள்.

மருந்துகளைப் பற்றி

சில மருந்துகள் வெப்பத்தில் வேறுவிதமாகச் செயல்படும். நீர்ப்பெருக்கி மாத்திரைகள் உடலின் நீரையும் உப்பையும் குறைக்கும். பீட்டா பிளாக்கர்கள் இதயத்துடிப்பு தேவைக்கேற்ப உயர்வதைத் தடுக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரைகள் சிறுநீர்வழி நீரிழப்பைக் கூட்டும். ஒவ்வாமைக்கான சில மாத்திரைகளும் மனநல மருந்துகள் சிலவும் வியர்வையைக் குறைக்கும். முழங்கால் வலிக்கென உட்கொள்ளும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் ஆகியவை, உடலில் நீர் குறைந்திருக்கையில் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். எந்த மருந்தையும் தாமாக நிறுத்த வேண்டாம். பயணத்திற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே எங்களிடம் கூறினால், தேவையான மாற்றத்தைச் செய்து, அதன் விளைவைக் கவனிக்கவும் காலம் இருக்கும். அந்தத் தாயாரின் நீர்ப்பெருக்கி மாத்திரை அவ்வாறுதான் மாற்றப்பட்டது.

இன்சுலின் வெப்பத்தில் வீரியம் இழக்கும், உறைந்தாலும் கெடும். நீரில் நனைத்துப் பயன்படுத்தும் குளிர்காப்புப் பையில் வைத்திருங்கள். நாள் முழுவதும் நடப்பதால் சர்க்கரை அளவு தாழக்கூடும். அளவுமானியும் குளுக்கோஸும் முதுகுப்பையின் அடியில் அன்று, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எல்லா மருந்துகளையும் இரண்டாகப் பிரித்து இருவர் பைகளில் வையுங்கள். மருந்துச்சீட்டில் வணிகப் பெயரோடு மூலப்பெயரும் இருத்தல் நன்று. நாம் பாரசிட்டமால் என்பதை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பர். சால்பியூட்டமாலை அல்பியூட்டரால் என்பர்.

பயணக் காப்பீட்டில், முன்பே உள்ள நோய்களுக்கும் இத்தகைய நடைப்பயணத்திற்கும் மீட்புச் செலவுக்கும் இடமுண்டா என எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கால்களும் சுமையும்

மூன்று மாதங்களுக்கு முன்பே பயிற்சியைத் தொடங்குங்கள். சமதளத்தில் நடப்பது மட்டும் போதாது. படிக்கட்டில், நாளடைவில் எடை கூட்டிய முதுகுப்பையோடு, ஏறியும் இறங்கியும் பழக வேண்டும். இறங்கும்போது தொடைத்தசைகள் நீண்டவாறே உடலின் எடையைத் தாங்குகின்றன; இதற்குப் பழகாத தசைகளில் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி மிகும். நீங்கள் ஏற வேண்டியதும் அந்நாள்களில்தான். இரு கைத்தடிகள் முழங்காலின் பாரத்தைக் குறைக்கும்.

புதிய காலணியோடு செல்லாதீர்கள். அதே காலணியில் பல வாரங்கள் நடந்திருக்க வேண்டும். இறக்கத்தில் கால்விரல்கள் காலணியின் முன்பகுதியில் மோதும் என்பதால் நகங்களை முன்னதாகவே வெட்டிவிடுங்கள். தோல் எரியத் தொடங்கியவுடன் நின்று ஒட்டுப்பட்டை போடுங்கள். கொப்புளம் எழும் வரை காத்திருக்க வேண்டாம். நீரிழிவு நோயாளிகளுக்கு இது மிகவும் இன்றியமையாதது. அவர்கள் ஒவ்வோர் இரவும் பாதங்களை விளக்கொளியில் பார்த்தல் வேண்டும்.

புதியவர்களின் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருத்தல் நலம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதையும் கணக்கில் சேருங்கள். கோவேறு கழுதைகள் மூலம் ஏறத்தாழ 13 கிலோ வரையிலான பையைக் கட்டணம் செலுத்தி அனுப்பலாம். ஆனால் அவை விளிம்பிற்கும் அடிவாரத்திலுள்ள ஃபாண்டம் ராஞ்ச் விடுதிக்கும் இடையே மட்டுமே செல்லும். ஹவசுபாய் கார்டன்ஸில் இரண்டாம் இரவு தங்குவோர் கூடாரத்தைத் தாமே சுமக்க நேரிடும். பள்ளத்தாக்கிற்குள் தீ மூட்டுதல் தடைசெய்யப்பட்டுள்ளது. சிறு அடுப்பில் மட்டுமே சமைக்கலாம். அதற்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுசெல்ல இயலாது. அங்கேயே வாங்க வேண்டும். தின்பண்டங்களை அணில்களுக்கு எட்டாதவாறு முகாமிலுள்ள உலோகப் பெட்டிகளில் வையுங்கள்.

விளிம்பில் இருப்பவர்

ஸ்டென்ட் பொருத்தப்பட்ட அந்தத் தந்தைக்கு நாங்கள் "கூடாது" என்று எடுத்த எடுப்பில் சொல்லவில்லை. அவருடைய உடற்பயிற்சிப் பரிசோதனையின் முடிவு நன்றாகவே இருந்தது. ஆனால் ஒரு கணக்கை அவர்முன் வைத்தோம். மூன்றாம் நாளின் 310 மாடிகளில் 150ஆவது மாடியில் நெஞ்சு வலித்தால் என்ன செய்வது? கைப்பேசித் தொடர்பு பெரும்பாலும் கிடையாது. முதன்மைப் பாதைகளில் ஆங்காங்கே அவசரத் தொலைபேசிகள் உண்டு; அதுவரை எவரேனும் நடக்க வேண்டும். காற்று மிகுந்தால் ஹெலிகாப்டர் வர இயலாது. விளிம்பை அடைந்த பின்னும் பெரிய மருத்துவமனை உள்ள ஃபிளாக்ஸ்டாஃப் நகருக்குச் சாலைவழி ஏறத்தாழ 130 கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஸ்டென்ட் வைத்து ஓராண்டும் நிறையாத ஒருவர் இதை ஏற்கலாமா என்பதை அவரே எண்ணிப் பார்க்கட்டும் என்றோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியானால் நான் அங்கே போய் என்ன செய்வது?" என்று கேட்டார்.

செய்வதற்கு முக்கியமான பணி ஒன்று இருந்தது. பள்ளத்தாக்கிற்குள் செல்லும் ஒவ்வொரு குழுவினரும் தங்கள் திட்டத்தை வெளியே ஒருவரிடம் எழுத்தில் தர வேண்டும்: எந்தப் பாதை, எந்த இரவு எந்த முகாம், ஒவ்வொருவரும் உட்கொள்ளும் மருந்துகள், திரும்பும் நேரம், எத்தனை மணிக்குள் வராவிட்டால் பூங்காவிற்குத் தெரிவிப்பது. அத்தாளை வைத்திருப்பவர் பொறுப்புள்ளவராக இருத்தல் வேண்டும். உரிய நேரத்திற்கு முன் பதறவும் கூடாது. உரிய நேரம் கடந்தபின் தயங்கவும் கூடாது. அப்பணியை அவர் ஏற்றார்.

மூவர் இறங்கினர். விளிம்பிலிருந்து பார்த்தால், கீழே பழுப்புநிறப் பாறைகளுக்கு நடுவே ஹவசுபாய் கார்டன்ஸின் மரங்கள் பச்சைக் கோடாகத் தெரியும். இரண்டாம் நாள் மாலையில் அவர் தொலைநோக்கியோடு அங்கேயே நின்றிருந்தாராம். மூன்றாம் நாள் பிற்பகல் இரண்டு மணி திரும்பும் நேரம். ஆறு மணி பூங்காவிற்குத் தெரிவிக்கும் நேரம் என எழுதியிருந்தனர். பதினொன்றரை மணிக்கே மூவரும் மேலே வந்துவிட்டனர். பாதையின் தொடக்கத்திற்குச் சற்றுக் கீழே பாறையைக் குடைந்த சிறு சுரங்கவழி ஒன்று உண்டு. அதுவரை மெல்ல இறங்கி, உரித்த ஆரஞ்சுப் பழங்களோடு அவர் காத்திருந்தார். மகன் முதல் நாள் இரவு நடந்ததைச் சொன்னது அங்கேதான்.

இப்போது அவர் நாள்தோறும் ஒரு மணி நேரம் நடக்கிறார். அடுத்த ஆண்டு சவுத் கைபாப் பாதையில் முதல் ஒன்றரைக் கிலோமீட்டர் மட்டும் இறங்கித் திரும்பலாமா என்று சென்ற மாதம் கேட்டார். மருந்துகளையும் பரிசோதனை முடிவுகளையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.

உங்கள் இல்லத்திலும் இத்தகைய பயணம் திட்டமிடப்பட்டால், விமானச்சீட்டு வாங்கும் முன் எங்களை வந்து பாருங்கள். உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்து வாருங்கள். உடன்வரும் இளையவர்களையும் தவறாமல் அழைத்து வாருங்கள். அவர்களிடமும் நாங்கள் பேச வேண்டும்.